காலையில் உடையும் படம், பழி சுமந்த மாமரம்: காவேரிப்பட்டணம் அருகே ஒரு டிஷ் பழுது – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்துக்கு வெளியே ஒரு மாந்தோப்பு வீடு. தோப்பில் பெரும்பாலும் பெங்களூரா, அதாவது தோதாபுரி மரங்கள். வீட்டில் வயதான தம்பதி, கூடப் பள்ளிக்குப் போகும் பேரன். ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் அங்கே கேபிள் கனெக்‌ஷன் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டும் டிடிஎச் வேண்டாம் என்று நான்கைந்து வருடம் முன்பு தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் போட்டிருந்தார்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இலவச சேவை அது. டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி., செட் டாப் பாக்ஸ், கேபிள் ஆகியவற்றுக்கு ஒரு முறை செலவு செய்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை.

சேவை வருவது கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. கிருஷ்ணகிரியில் நின்று பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக 128 டிகிரி திசையில், தரையிலிருந்து ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இந்த 67 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழுதில் ஒரு மரத்தைக் காப்பாற்றியது அதுதான்.

வீட்டில் இருந்த பொருட்கள்: 60 செ.மீ. டிஷ், யுனிவர்சல் எல்.என்.பி., எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவத்தை மட்டும் படிக்கும் பாக்ஸ், அதற்கு 12 வோல்ட் அடாப்டர். டிஷ் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்தது. அங்கிருந்து கேபிள் தகரத் தாழ்வாரத்தின் மேல் ஓடி ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வந்தது. மொத்த நீளம் சுமார் 24 மீட்டர். இரண்டு வருடம் முன்பு தாழ்வாரத்தை நீட்டியபோது டிவி இருக்கும் இடம் மாறியதால், பழைய கேபிள் எட்டாமல் நடுவில் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

வந்த புகார்

மார்கழி தொடங்கிய சமயம். காலை 6 மணிக்கு டிவி போட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் விட்டு விட்டு வரும், பிறகு திரையில் ‘நோ சிக்னல்’ என்று நிற்கும். பத்து மணிக்கு மேல் யாரும் எதையும் தொடாமலே சரியாகிவிடும். இரவு 10 மணி வரை தடையில்லை. மறுநாள் காலை மறுபடி அதே கதை. எல்லா சேனலும் ஒன்றாகப் போகவில்லை என்பதைப் பாட்டி கவனித்திருந்தார். அவர் பார்க்கும் டிடி தமிழ், அதாவது முந்தைய பொதிகை, சில காலைகளில் தாக்குப் பிடிக்கும். வேறு சில சேனல்கள் முதலிலேயே போய்விடும்.

முதலில் வந்த மெக்கானிக் காலை 7 மணிக்கே வந்தார். மாடி ஏறிப் பார்த்துவிட்டு, தென்கிழக்கு மூலையில் நின்ற மாமரத்தைக் காட்டினார். “டிஷ்ஷு பாக்குற பக்கம் கிளை வந்துடுச்சுங்க ஐயா, இந்தப் பக்கம் நாலு கிளைய இறக்கிட்டா சரியாப் போயிடும்” என்றார். பிறகு பாக்ஸை ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிதாகச் சேனல் தேடவிட்டார். சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் ஸ்கேன் செய்ததால், அப்போது பிடிபட்ட சேனல்கள் மட்டுமே பட்டியலில் பதிந்தன. அன்று மதியம் சிக்னல் நன்றாக வந்த பிறகும் சேனல்கள் பாதிக்கு மேல் காணவில்லை. ஒரு பழுது இரண்டாகத் தெரியத் தொடங்கியது இப்படித்தான்.

பெரியவர் கிளை வெட்டச் சம்மதிக்கவில்லை. “பூ எடுக்குற நேரத்துல கிளைய வெட்டச் சொல்றியே தம்பி” என்று அனுப்பிவிட்டார். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாமரம் பூக்கும் காலம். அப்போது இறக்கும் ஒவ்வொரு கிளையும் அந்த வருட விளைச்சலில் கை வைப்பது. அவருடைய தயக்கத்தில் முழு நியாயம் இருந்தது.

ஊர்க் கடையில் இன்னொரு யோசனை சொன்னார்கள்: கேபிள் நடுவில் ஒரு லைன் ஆம்ப்ளிஃபையர், பேச்சு வழக்கில் பூஸ்டர். அதையும் வாங்கவில்லை. நல்ல வேளை. பூஸ்டர் தனக்கு வந்து சேரும் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கெட்டுப்போன சிக்னலை அது நல்லதாக்காது. அதற்கு வேண்டிய மின்சாரமும் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாகவே போக வேண்டும். கேபிளில் கோளாறு இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மரம் மறைக்கிறதா? கணக்கு

இரண்டாவது மெக்கானிக் வந்ததும் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது மரத்தின் கேள்விதான். மரம் காரணமாக இருந்தால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. காரணம் இல்லை என்றால் அந்தப் பேச்சை அன்றே முடித்துவிடலாம்.

மாமர இலை கூ-பேண்ட் சிக்னலை, அதாவது இந்தச் செயற்கைக்கோள் அனுப்பும் உயர் அலைவரிசைச் சிக்னலை, மறைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. இலையில் உள்ள நீர் அதை உறிஞ்சிவிடும், நனைந்த இலை இன்னும் அதிகமாக. ஆனால் இலை சிக்னலின் பாதையில் இருந்தாக வேண்டும். 67 டிகிரி உயரம் என்றால், டிஷ்ஷிலிருந்து கிடைமட்டமாக ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பொருள், டிஷ்ஷை விட ஏறக்குறைய 2.35 மீட்டர் உயரமாக இருந்தால்தான் குறுக்கே வரும். இங்கே மிக அருகிலிருந்த கிளை நுனி 3.5 மீட்டர் தூரத்தில், டிஷ் மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே இருந்தது. அது மறைக்க வேண்டுமானால் 8.2 மீட்டர் மேலே போயிருக்க வேண்டும். மரத்தின் உச்சி 7 மீட்டர் தூரத்தில், டிஷ்ஷை விட 5.5 மீட்டர் உயரத்தில். அந்தத் தூரத்துக்கு வேண்டியது 16 மீட்டருக்கு மேல்.

கணக்கை நம்பாதவர் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. பேரனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியின் நடுத்துளையில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார்கள். டிஷ் பக்கத்தில் உட்கார்ந்து, கோணமானியின் நேர் விளிம்பு வழியாகக் கிளை நுனியைப் பார்த்தான் பையன். நூல் 90 டிகிரிக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுதான் கிளையின் உயரக் கோணம். 49 டிகிரி வந்தது. சிக்னல் வரும் பாதை அதற்கு 18 டிகிரி மேலே. 60 செ.மீ. டிஷ் பார்க்கும் அகலமே சுமார் 3 டிகிரிதான்.

முதல் மெக்கானிக்குக் கிளை குறுக்கே தெரிந்ததற்கும் காரணம் உண்டு, பலர் ஏமாறும் இடம் அது. இப்போதைய சிறிய டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. டிஷ்ஷின் முகம் பார்ப்பது ஒரு திசை, சிக்னல் வருவது அதற்கு 22 முதல் 25 டிகிரி மேலிருந்து. 67 டிகிரிக்குக் குறி வைத்த டிஷ்ஷின் முகம் வெறும் கண்ணுக்கு 43 டிகிரி சுமாருக்குத்தான் நிமிர்ந்து தெரியும். 43-ஐப் பார்த்து நிற்கும் முகத்துக்கு நேரே 49-ல் கிளை இருந்தால், மரம் மறைக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

மரம் இரவும் பகலும் ஒரே இடத்தில்தானே நிற்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. மறைப்பு மரத்தால் என்றால் மதியமும் படம் உடைந்திருக்க வேண்டும்.

கவனித்தவை

பொருள் எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று காலைகள் குறிப்பு எடுப்பதென்று முடிவானது. அந்த வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டான். பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, இரண்டு அலைவரிசைகளில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி இரண்டையும் மணிக்கு ஒரு முறை எழுதினான். தேர்ந்தெடுத்தவை 11090, 11550 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் வெர்டிகல் (அலை அதிரும் திசை), சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500. ஒன்று கீழே, ஒன்று மேலே என்று இருப்பது வேண்டுமென்றே.

முதல் நாள் 11550-இல் காலை 6 மணிக்கு ஸ்ட்ரெங்த் 82, குவாலிட்டி 18. எட்டு மணிக்கு குவாலிட்டி 27, ஒன்பதரைக்கு 49, பதினொன்றுக்கு 63. அதே நாள் 11090-இல் காலை 6 மணிக்கே குவாலிட்டி 41 இருந்தது. அந்த பாக்ஸில் குவாலிட்டி 30-க்குக் கீழே போனால் படம் நிற்காது. பாட்டி பார்த்த சேனல்கள் தாக்குப் பிடித்ததற்கும் மற்றவை முந்திக்கொண்டு போனதற்கும் இதுவே விளக்கம். இரண்டாம் நாளும் எண்கள் இதை ஒட்டியே இருந்தன. மூன்றாம் நாள் முந்தைய இரவு முழுக்க மேகம் மூடியிருந்தது, காற்றும் அடித்தது. அன்று காலை 6 மணிக்கே 11550-இல் குவாலிட்டி 60.

ஸ்ட்ரெங்த் 82 என்றிருக்கும்போது படம் எப்படிப் போகும் என்று பலர் கேட்பார்கள். ஸ்ட்ரெங்த் பட்டை காட்டுவது கேபிளில் வந்து சேரும் மொத்த அளவு. அதில் இரைச்சலும் அடக்கம். வானத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நிற்கும் டிஷ்ஷிலும் எல்.என்.பி. உயிரோடு இருந்தால் ஸ்ட்ரெங்த் 50, 60 காட்டும். படம் வருமா வராதா என்பதைச் சொல்வது குவாலிட்டி மட்டுமே. எண்கள் பாக்ஸுக்கு பாக்ஸ் வேறுபடும் என்பதால் ஒரு வீட்டு எண்ணை இன்னொரு வீட்டு எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

குறிப்பிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாயின. மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்கு அடுத்த காலையில்தான் பழுது வருகிறது. பனி இறங்குவதும் அப்படிப்பட்ட இரவில்தான். அடுத்தது, மேல் அலைவரிசை முதலில் விழுகிறது. எல்.என்.பி. 11090-ஐ 1340 மெகாஹெர்ட்ஸாகவும் 11550-ஐ 1800 மெகாஹெர்ட்ஸாகவும் இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. எல்.என்.பி.யின் உள் அலைவரிசையான 9750-ஐக் கழித்தால் கிடைக்கும் எண்கள் இவை. அலைவரிசை ஏற ஏறக் கேபிளில் இழப்பும் ஏறும். டிஷ்ஷுக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 கேபிளிலேயே 100 மீட்டருக்கு 1000 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல், 2000-இல் சுமார் 30 டெசிபல் போய்விடும். அதில் நீர் இறங்கினால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஆக, சந்தேகம் கேபிள் பாதையின் மேல் விழுந்தது.

ஆனால் குளிர் இன்னும் கணக்கில் இருந்தது. பழைய எல்.என்.பி.யின் உள் அலைவரிசை குளிரில் நகர்ந்து, வெயில் ஏறியதும் திரும்புவது உண்டு. மேகம் மூடிய இரவில் குளிரும் குறைவு என்பதால், குறிப்பு மட்டும் வைத்து எல்.என்.பி.யை விடுவிக்க முடியாது. இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை தேவைப்பட்டது.

சோதனையும் அளவீடும்

மதியம் ஒரு மணி, நல்ல வெயில், 11550-இல் குவாலிட்டி 64. டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துப் பேரனை உட்கார வைத்தார்கள். முதலில் எல்.என்.பி. கனெக்டரைச் சுற்றி நனைத்த துணியைக் கட்டி ஐந்து நிமிடம் விட்டார்கள். 64 அப்படியே நின்றது. துணியை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தாழ்வாரத் தகரத்தின் மேல் கிடந்த ஒட்டைச் சுற்றிக் கட்டினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் 40, பிறகு 22, கீழேயிருந்து “போயிடுச்சு!” என்று சத்தம். சுட்டெரிக்கும் வெயிலில், குளிர் கொஞ்சமும் இல்லாத நேரத்தில், ஒட்டை நனைத்ததும் பழுது வந்துவிட்டது. எல்.என்.பி. மேலிருந்த சந்தேகம் அத்தோடு விலகியது.

வாளியோடு தண்ணீர் ஊற்றாமல் ஈரத் துணியைக் கட்டியது தற்செயல் அல்ல. கேபிளில் 13 வோல்ட் ஓடுகிறது. உள்ளே வெள்ளம் புகுந்தால் பாக்ஸ் ஷார்ட் என்று எண்ணி எல்.என்.பி. சப்ளையை நிறுத்திவிடும், அப்புறம் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒட்டு கிடந்த இடமும் கவனிக்க வேண்டியது. இரண்டு தகரங்கள் சேரும் பள்ளத்தில் அது படுத்திருந்தது. தெளிவான இரவில் தகரம் காற்றை விடச் சீக்கிரம் குளிர்ந்து, பனி அதன் மேல்தான் முதலில் திரளும். திரண்டது முழுவதும் பள்ளத்தில் ஓடி ஒட்டின் மேல் தேங்கியது. வெயில் தகரத்தைச் சூடாக்கியதும் உலர்ந்தது. பத்து மணிக் கணக்கு இதுதான்.

டேப்பைப் பிரித்தபோது உள்ளே தெரிந்தது இது: நடுக்கம்பியும் நடுக்கம்பியும் முறுக்கி, மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், வலைக்கம்பியை வலைக்கம்பியோடு முறுக்கி, மறுபடி டேப். நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு, வலைக்கம்பி கையால் தொட்டால் பொடிந்தது. ஒரு பக்கம் ஆர்ஜி-6. மறு பக்கம் அதைவிட மெலிந்த, பழைய கேபிள் டிவி வயர்.

ஒட்டு திறந்திருக்கும்போதே, எல்.என்.பி. ஓடிக்கொண்டிருக்கையில், மல்டிமீட்டரால் இரண்டு பக்கமும் அளந்தார்கள். பாக்ஸின் பின்புறம் 13.3 வோல்ட், ஒட்டின் வீட்டுப் பக்கம் 13.0, எல்.என்.பி. பக்கம் 11.7. எல்.என்.பி. இழுப்பது சுமார் 0.1 ஆம்பியர். 1.3 வோல்ட் இழப்பு என்றால் அந்த ஒரு ஒட்டில் மட்டும் 13 ஓம் தடை. 24 மீட்டர் கேபிள் முழுவதற்கும் சேர்த்தே 3 ஓம் சுமார்தான் இருக்க வேண்டும். பிறகு பாக்ஸை அணைத்து, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே ஓம் பார்த்தார்கள். உலர்ந்த நல்ல கேபிளில் எதுவும் காட்டக்கூடாது. இங்கே 40 கிலோ ஓம் காட்டியது. கேபிளுக்குள் ஈரம் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

13 ஓம் தடை காலை, மாலை எந்நேரமும் இருந்தது. அது நிரந்தரப் பலவீனம். காலைப் பழுதுக்கு நேரடிக் காரணம் தேங்கிய நீர். 75 ஓம் கேபிளின் நடுவில் ஒரு அங்குலம் நீர் நின்றால் அந்த இடத்தில் கேபிளின் தன்மையே மாறி, சிக்னலில் ஒரு பங்கு திரும்பிப் போகும், ஒரு பங்கு நீரில் கரையும். வோல்ட் மீட்டர் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. குவாலிட்டி மட்டும் பார்த்தவருக்கு 13 ஓம் தெரியாது.

முடிவுகளும் காரணங்களும்

மரத்தைத் தொடுவதில்லை. எல்.என்.பி.யை மாற்றுவதில்லை, அதன் முன்மூடியில் வெடிப்பு இல்லை, ஈரச் சோதனையிலும் அசையவில்லை. பூஸ்டர் வேண்டாம்.

ஒட்டை மட்டும் கனெக்டர் போட்டுச் சரிசெய்தால் போதாதா என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி, செலவு குறையும். ஆனால் ஈரம் ஒட்டோடு நிற்பதில்லை. வலைக்கம்பியின் இழைகள் வழியே, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல, உள்ளே ஏறிவிடும். இரு பக்கமும் ஓரடி வெட்டிப் பார்த்தபோதும் வலை கறுத்தே இருந்தது. கேபிள் முழுவதையும் ஒரே துண்டாக மாற்றுவதென்று அப்போது முடிவானது. 26 மீட்டர் ஆர்ஜி-6, இரண்டு கம்ப்ரெஷன் வகை எஃப் கனெக்டர் (கருவியால் அழுத்திப் பொருத்தும் கேபிள் முனை), ஒரு சுருள் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், ஒரு சாதா டேப், கிளிப்புகள். வாங்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

செய்த வேலை

பாக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கனெக்டரில் கை வைத்தார்கள். ரிமோட்டில் அணைத்தால் சில பாக்ஸ்களில் கேபிளில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். நடுக்கம்பி வலையில் பட்டால் உள்ளே சப்ளை ஐசி போய்விடலாம்.

கனெக்டர் போடுவதில்தான் பல டிஷ் பழுதுகள் பிறக்கின்றன, அதனால் இதை நிதானமாகச் சொல்வது நல்லது. வெளி உறையை உரித்து வலையைப் பின்பக்கம் மடக்கினார்கள். ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உள் அடித்தளத்தோடு சமமாக வரும்வரை கேபிளை உள்ளே தள்ளி, அதன் பிறகு அழுத்தினார்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பை விட 2 முதல் 3 மி.மீ. வெளியே தெரிந்தது. அதற்குக் குறைந்தால் எல்.என்.பி. உள்ளே தொடாது, கூடினால் உள்ளிருக்கும் பின்னை விரித்துவிடும். கையால் திருகிப் போடும் கனெக்டர் மலிவுதான். வெயிலில் உறை சுருங்கியதும் தளர்ந்துவிடும் என்பதால் வெளியில் இருக்கும் முனைக்கு அது உதவாது.

எல்.என்.பி. முனையில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றினார்கள். ஓட்டைக் கீழ் வரிசையிலிருந்து வேய்கிற முறையே இதற்கும்: மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும், அப்போதுதான் நீர் வெளியே வழியும். அதன் மேல் சாதா டேப். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் பசையைப் பூசவில்லை. அது செம்பை அரிக்கும்.

கேபிளைத் தகரத்தின் மேல் படுக்க விடாமல், சுவரோரம் கிளிப் அடித்துக் கொண்டுவந்தார்கள். வளைவுகள் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் இருந்தன. ஜன்னலில் நுழையும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார்கள். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். போர் மோட்டாரின் வயர் போகும் சுவரைத் தவிர்த்தார்கள்.

பிறகு டிஷ் திசை. எல்.என்.பி.யைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஓரளவு திரும்பியிருந்தது. கிருஷ்ணகிரியில் ஜிசாட்-15-க்கு எல்.என்.பி. ஏறக்குறைய 50 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் நின்று டிஷ்ஷைப் பார்த்தால், கேபிள் வெளிவரும் முனை கடிகாரத்தில் 6 மணிக்குப் பதில் 7:40 வாக்கில் நிற்க வேண்டும். அது 7:20-ல் நின்றது. மெல்லத் திருப்பியபோது குவாலிட்டி 65-லிருந்து 71 ஆனது. ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு நான்கைந்து விநாடி கையை எடுத்துக் காத்திருந்தார்கள், மீட்டர் மெதுவாகத்தான் காட்டும். டிஷ்ஷின் மேல்கீழ், இடவலம் இரண்டிலும் மாற்றம் தேவைப்படவில்லை. நட்டுகளை ஒரே அடியாக இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

கடைசியாக பாக்ஸ். ரீசெட்டுக்குப் பிறகு எல்.என்.பி. வகை 9750/10600 யுனிவர்சல் என்றும் 22 கே (9750, 10600 இரண்டுக்கும் இடையே எல்.என்.பி.யை மாற்றும் சைகை) ஆட்டோ என்றும் இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். இங்கே 10600 மட்டும் தேர்வாகியிருந்தால் 11090 என்பது கேபிளில் 490 மெகாஹெர்ட்ஸாகக் கணக்காகும். பாக்ஸ் கேட்கும் எல்லை 950-லிருந்து 2150 வரைதான். மதியம், குவாலிட்டி 71 இருக்கும்போது ஆட்டோ ஸ்கேன் விட்டார்கள். காணாமல் போன சேனல்கள் திரும்பின.

தொடர்ந்து நடந்தவை

மறுநாள் நல்ல பனி. காலை 6 மணிக்கு 11550-இல் குவாலிட்டி 70. தை முடியும்வரை காலையில் ஒரு முறைகூடப் படம் உடையவில்லை.

ஆனால் புகார் முழுதும் தீரவில்லை. பக்கத்து வீட்டில் வரும் சில சேனல்கள் இங்கே வரவில்லை. இது பழுதே அல்ல. ஃப்ரீ டிஷ்ஷில் ஒரு பகுதி சேனல்கள் எம்பெக்-4 வடிவில், டிவிபி-எஸ்2 முறையில் வருகின்றன. எம்பெக்-2 பாக்ஸுக்கு அவை எத்தனை ஸ்கேன் விட்டாலும் பிடிபடாது. அதே டிஷ்ஷும் கேபிளும் போதும், பாக்ஸ் மட்டும் மாற வேண்டும். பாட்டிக்கு வேண்டியவை எல்லாம் வந்ததால் இப்போதைக்கு மாற்றவில்லை.

மார்ச் நடுவில் பெரியவரிடமிருந்து மறுபடி போன். “காலையில நல்லாத்தான் இருக்கு தம்பி, பதினொன்னேகாலுக்குப் போயிருது, கொஞ்ச நேரத்துல வந்துருது.” நேரத்தைக் கேட்டதுமே காரணம் பிடிபட்டது. வருடத்தில் இரண்டு முறை சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். டிஷ் சூரியனின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். சில நிமிடம் படம் போகும். இந்தப் பகுதிக்கும் 93.5 டிகிரிக்கும் மார்ச் நடுவில் காலை 11:15-ஐ ஒட்டியும், செப்டம்பர் கடைசியில் 11 மணிக்குச் சற்று முன்பும் சில நாட்கள் இது நடக்கும். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அந்த வாரம் கழிந்ததும் நின்றுவிட்டது. டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்க யாராவது மாடி ஏறியிருந்தால் உண்மையான பழுது அன்றுதான் தொடங்கியிருக்கும்.

மாற வேண்டியவை

முதல் வருகையிலேயே கேட்க வேண்டிய கேள்வி, எந்த நேரத்தில் போகிறது, எந்த சேனல் முதலில் போகிறது என்பது. இந்த இரண்டுக்கும் பதில் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. பாட்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சிக்னல் மோசமாக இருக்கும்போது ரீசெட், ஸ்கேன் இரண்டும் செய்யக் கூடாது. வீட்டை நீட்டிக் கட்டும்போது கேபிள் எட்டவில்லை என்றால் புதிய நீளக் கேபிள் போடுவதே வழி. தவிர்க்கவே முடியாத இடத்தில் ஒட்டு வேண்டுமானால் இரண்டு எஃப் கனெக்டரும் நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு பேரல் ஜாயின்ட்டும் போட்டு, அதைத் தாழ்வாரத்துக்கு உள்ளே, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.

மின்னலுக்கான ஏற்பாடு இந்த வீட்டில் இன்னும் பாக்கி. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் இடியோடு கோடை மழை பெய்யும். டிஷ் நிற்கும் இரும்புக் குழாயிலிருந்து தரைக்கு எர்த் கம்பி இறக்க வேண்டும். அதுவரை மேகம் கறுத்தாலே பிளக்கைப் பிடுங்கி, கேபிளை பாக்ஸிலிருந்து கழற்றிவிடச் சொல்லியிருக்கிறது.

மரம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஒரு நாள் உண்மையிலேயே குறுக்கே வரலாம். அதைக் கண்டுபிடிக்கக் கோணமானிகூடத் தேவையில்லை. மார்ச் நடுவில் 11:15-க்குப் படம் போகும் அந்தச் சில நிமிடங்களில் மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்த்தால் போதும். அப்போது சூரியன் நிற்பதும் சிக்னல் வருவதும் ஒரே இடத்திலிருந்து. டிஷ்ஷின் முகத்தில் இலை நிழல் இல்லை என்றால் பாதை சுத்தம். இந்த மார்ச்சில் பேரன் பார்த்தபோது எந்தக் கிளையின் நிழலும் டிஷ்ஷில் விழவில்லை. ஏதாவது ஒரு வருடம் விழுந்தால், எந்தக் கிளையின் நிழல் என்று குறித்துவைத்துக்கொண்டு, ஆடிக்குள் காய் இறக்கி முடித்த பிறகு அந்த ஒரு கிளையை மட்டும் கவாத்து செய்தால் போதும் என்று பெரியவரோடு பேசி வைத்திருக்கிறது.